ஆஸ்பத்திரிச் சந்திப்புக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும், இந்த லெந்து என்னும் தவக்கால நாட்களில் எங்களோடு நின்ற எல்லாருக்கும், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் போய்ப் பார்த்து ஜெபிக்கிற நோயாளர் சந்திப்புக் குழுவின் ஸ்தோத்திரங்கள்.

முதல் நன்றி, பயிற்சி வகுப்பு எடுத்த ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காவுக்கு. "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?" என்ற கேள்வி எந்த வார்டிலும் ஒரு கட்டிலிலிருந்தாவது வரும். அக்கா அதற்கு மத்தேயு 4-ஐத் திறக்கச் சொன்னார்கள். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக்குதியும் என்று பிசாசு சொன்னபோது அவன் எடுத்துக்காட்டியது நாம் வாசற்படியில் எழுதி ஒட்டுகிற 91-ஆம் சங்கீதத்தைத்தான். ஆண்டவர் குதிக்கவில்லை. பிதாவை நம்பியதால்தான் குதிக்கவில்லை. இன்சுலினை நிறுத்திவிட்டு "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பது அந்த உப்பரிகையிலிருந்து குதிக்கிற வேலை. கர்த்தரை நம்புவதற்கும் அவரைப் பரீட்சை பார்ப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை வைத்தே எங்கள் சந்திப்பு முழுவதும் நடக்கிறது.

விபரீதம் எப்படி வருகிறது என்பதையும் அக்கா விளக்கினார்கள். காசநோய்க்குச் சாதாரணமாக 6 மாத மருந்து. சில வாரங்களிலேயே இருமல் அடங்கும், பசி எடுக்கும், முகம் தெளியும். சரியாக அந்த நேரத்தில்தான், சுகமாகிவிட்டதென்று சாட்சி சொல்ல யாராவது மேடைக்குக் கூப்பிடுவார்கள். மாத்திரை நிற்கும். மீதியிருக்கும் கிருமி, மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடும். உபவாசமும் அப்படித்தான்: இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. வியர்த்து, கை நடுங்கி, ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூட்டித் தருவதாக வாக்கு வந்த அதே அதிகாரத்தில்தான் அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னதும் இருக்கிறது. நம்ம தெற்கத்திப் பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது 1838-ல்.

வேதபாடம் நடத்திய குருவானவர் ஐயாவுக்கு நன்றி. "உங்களுக்கு விசுவாசம் பத்தலை" என்ற வாக்கியத்தை எங்கள் வாயிலிருந்து எடுத்துப்போட்டது அந்தப் பாடம். அப்போஸ்தலனாகிய பவுல், தன் மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று முறை கேட்டார். கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியஸ்தனாக விட்டுவந்ததாக அவரே எழுதுகிறார். எபிரெயர் 11-இல் பட்டயத்துக்குத் தப்பினவர்களும் பட்டயத்தால் வெட்டப்பட்டவர்களும் ஒரே விசுவாசப் பட்டியலில்தான் வருகிறார்கள். வலியில் கிடப்பவரிடம் விசுவாசத்தை அளந்து பார்ப்பது பாவம் என்றே நாங்கள் நினைக்கிறோம். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று பிள்ளைக்காக அழுத தகப்பனை ஆண்டவர் திருப்பி அனுப்பவில்லையே.

ஜெபத்துக்கு ஐயா வகுத்துத் தந்த ஒழுங்கு அப்படியே நிற்கிறது. இரண்டு பேராகப் போவது, அதில் ஒருவர் நோயாளி பெண் என்றால் பெண்ணாக இருப்பது. கை கழுவிவிட்டு, கட்டிலில் உட்காராமல் நாற்காலியில் முகத்துக்கு நேராக உட்காருவது. பத்து, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இல்லை. "ஜெபிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு விட்டுவிடுவது. ஜெபம் ஒரு நிமிஷம்: பெயர், அவர் சொன்ன வார்த்தையிலேயே அவருடைய வலி, சுகம் தாரும் என்ற நேரடி விண்ணப்பம், பிறகு சிலுவைக்கு முந்தின ராத்திரி ஆண்டவர் செய்த கெத்செமனே ஜெபம் போல உம்முடைய சித்தம் என்று ஒப்படைப்பு. தயங்காமல் சுகம் கேளுங்கள், ஆனால் தேதி குறிக்காதீர்கள். "மூணு நாள்ல எழும்பிருவீங்க" என்று சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறிவிடுவோம். நான்காம் நாள் அந்த மனுஷன் தன் விசுவாசத்தில்தான் ஓட்டை என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவார். எண்ணெய் பூசக் கேட்டால் வார்டு சிஸ்டரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆக்சிஜன் ஓடுகிற கட்டிலில் எண்ணெயும் கூடாது, மெழுகுவத்தியும் கூடாது, தீப்பிடிக்கும்.

சங்கீத அட்டைகளை இலவசமாக அச்சடித்துக் கொடுத்த அச்சகத்து அண்ணாச்சிக்கு நன்றி. 18 புள்ளி எழுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும்படி லேமினேஷன். 13, 23, 88, 121, 130 என்று ஐந்து. 88 எதற்கு, அது இருட்டிலேயே முடிகிறதே என்று சிலர் கேட்டார்கள். முடியட்டும். அந்த இருட்டுக்குள்ளிருந்தும் சங்கீதக்காரன் கூப்பிடுவது கர்த்தரைத்தானே! 13-இல் முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு முறை "எதுவரைக்கும்" வருகிறது. ஐந்தாம் வசனத்தில் கிருபையின்மேல் நம்பிக்கை. தூக்கம் வராத ராத்திரிக்கு வாசித்துக் கொடுக்க இதைப்போல இன்னொன்று இல்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கு, கஞ்சிக்கு மட்டுமல்ல, வார்டில் கேட்டுவிட்டுக் காய்ச்சியதற்கும் நன்றி. சிறுநீரக நோயாளிக்கு ஆசையாக இளநீர் வாங்கிப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அதிலுள்ள பொட்டாசியம் அவர்கள் இதயத்துடிப்பையே குலைத்துவிடும். டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீருக்கே அளவு உண்டு, கஞ்சியும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

டயாலிசிஸ் நாட்களில் வாடகை வாங்காமல் ஓட்டிய ஆட்டோ அண்ணன்மாரே, மாற்கு 2-இல் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இயேசுவின் முன் இறக்கிய நால்வரைப் பற்றி ஐயா சொன்னது உங்களுக்குத்தான். "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜெபிக்கக்கூடத் தெம்பில்லாதவர்களுக்கு நீங்கள் அந்த நால்வராக இருந்தீர்கள்.

எங்களைப் பொறுத்துக்கொண்ட வார்டு சிஸ்டர்மாருக்கும், வராந்தாவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட வாலிபர் சங்கத்தாருக்கும் நன்றி.

கஞ்சி கொண்டுபோன டிபன் கேரியர்கள் சில ஆலய மண்டபத்தில் ஆளில்லாமல் இருக்கின்றன. மூடியில் பெயர் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மீதி அட்டைகள் அலுவலகத்தில். அடுத்த பயிற்சி ஈஸ்டருக்குப் பின் வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு. சளி, காய்ச்சல் இருப்பவர்கள் அன்றைக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
நோயாளர் சந்திப்புக் குழுவினர்