எடுத்த இடத்தில் ஒன்றை வையுங்கள்: ஜப்பானிய மாங்கா பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டோக்கியோவில் இருக்கும் மாங்கா பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவன். இரவு 11 மணிக்கு மேல் உங்கள் மாங்கா, அதாவது படக்கதைப் பக்கங்களில் உள்ள ஜப்பானிய எழுத்தை அழித்துவிட்டுத் தமிழ் எழுத்தை வைப்பவன். வைத்தவன் என்று சொல்வதுதான் இப்போது சரி. போன மாதம் உங்களில் ஒருவரின் சார்பாக எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. நாங்கள் 5 பேர் 3 வருடமாக இணையத்தில் தமிழில் கொண்டுவந்த தொடர் முழுவதும் அன்று மாலைக்குள் போய்விட்டது. மாங்காவைத் தடுத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "ஏன், மருந்து அடிச்சதாலயா?" என்று கேட்டார்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கேட்காமல் எடுத்தது நாங்கள்தான். ரசிகர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டால் அடுத்தவர் பொருள் நம்முடையது ஆகிவிடாது. எங்களுக்கு ஒரு பைசா வந்ததில்லை. ஆனால் எங்கள் பக்கங்களைச் சுரண்டிப் போட்ட வேறொரு தளத்தில், கதாநாயகன் அழுகிற இடத்துக்குக் கீழே சூதாட்ட விளம்பரம் ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். அந்தக் காசு வரைந்தவருக்கும் போகவில்லை, எங்களுக்கும் வரவில்லை. நாங்கள் சுத்தம் என்று சொல்ல அதற்கப்புறம் வாய் வரவில்லை.

உங்கள் கோபமும் புதிதல்ல. 2010-இல் உங்களில் 36 பேர் அமெரிக்கப் பதிப்பாளர்களோடு கைகோத்து, கேட்காமல் போடும் தளங்களை எச்சரித்தீர்கள். சில வாரங்களிலேயே ஒன்மாங்கா என்ற அப்படிப்பட்ட தளம் கடையைக் கட்டியது. மாங்காமுரா என்ற திருட்டுத் தளத்தை நடத்தியவருக்கு 2021-இல் 3 ஆண்டு சிறை. 2024-இல் அவரை உங்களில் மூவருக்குச் சுமார் 170 கோடி யென் கொடுக்கச் சொன்னது டோக்கியோ நீதிமன்றம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. அங்கே நடந்தது மொழிபெயர்ப்பே அல்ல, ஜப்பானியப் பக்கத்தை அப்படியே தூக்கிப் போட்டு விளம்பரத்தில் சம்பாதித்தார்கள். ஆனால் 2025 மே மாதம், ரசிகர் மொழிபெயர்ப்புகளை வைக்கும் மாங்காடெக்ஸ் தளத்திலிருந்து 700-க்கும் மேற்பட்ட தொடர்கள் ஒரே வீச்சில் போனபோது யோசித்தேன். எந்த மொழியில் விற்பனைக்கு இருக்கிறது, எந்த மொழியில் இல்லை என்ற கணக்கே இதில் கிடையாதா?

எங்கள் வேலையை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கொஞ்சம் சொல்கிறேன்.

உங்கள் பேச்சு பலூன் ஒல்லியாக, உயரமாக இருக்கும். மேலிருந்து கீழே எழுதுகிற மொழிக்காக வரைந்தது. தமிழ்ச் சொல்லோ ரயில் மாதிரி. 'பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று ஒரு சொல் வந்தால் தொலைந்தோம். 'பார்த்தேன்' என்று குறைத்தால் அவன் எவ்வளவு நேரம் பார்த்தான் என்பது காணாமல் போகும். அந்த ஒரு பலூனோடு ஒரு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டி, கடைசியில் 'கண்ணை எடுக்கலை' என்று இரண்டு வரியாக உடைத்து வைத்தேன். இது போதாதென்று மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக விழும். அதைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ளவே எனக்கு 2 மாதம் ஆனது.

ஆனால் பலூனுக்குள் நுழைந்துவிட்டால் தமிழ் அங்கே சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். எங்கள் குழுவில் மொழிபெயர்ப்பவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பிடதிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் துபாஷி வேலை பார்க்கிறார். அவர்தான் காட்டினார். வீட்டை விட்டுக் கிளம்பும் பையன் 'இத்தேகிமாசு' என்கிறான். 'இத்தே' என்றால் போய், 'கிமாசு' என்றால் வருகிறேன். போயிட்டு வரேன்! உள்ளேயிருந்து அம்மா சொல்வதும் அதேதான், போயிட்டு வா. ஆங்கிலப் பதிப்பில் அது வெறும் 'கிளம்பறேன்' ஆகிவிடுகிறது. வாசலில் நின்று 'போறேன்' என்று சொன்னால் எங்கள் பாட்டி திட்டுவாள். உங்கள் பாட்டிகளும் அப்படித்தான் போலிருக்கிறது.

நெஞ்சு அடித்துக்கொள்வது உங்களுக்கு 'தொக்கிதொக்கி', எங்களுக்குப் 'படபட'. மின்னுவது 'கிராகிரா', எங்களுக்குப் 'பளபள'. இரட்டைக்கிளவி என்று இலக்கண வகுப்பில் படித்துவிட்டு மறந்ததெல்லாம் இங்கே வந்து வேலைக்கு நிற்கிறது. முன்பின் தெரியாத பெண்ணை நீங்களும் அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிறீர்கள், நாங்களும் கூப்பிடுகிறோம். ஒன்று மட்டும் இன்னும் சிக்கவில்லை. சத்தமே இல்லாததற்கு நீங்கள் ஒரு சத்தம் வைத்திருக்கிறீர்கள், 'ஷீன்' என்று. நான் 'கப்சிப்' என்று வைத்துப் பார்த்தேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

இதை யாருக்காகச் செய்தோம் என்றால், என் தங்கை மகனைச் சொல்வேன். வயது 11. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், இந்தி. தமிழ்ச் சங்க வகுப்புக்கு அனுப்பினோம். அ, ஆ வரைக்கும் வந்துவிட்டு ஓடிவிட்டான். எங்கள் பக்கங்களைத்தான் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் படித்தான். வலமிருந்து இடமாகப் போகும் கட்டங்களில் இடமிருந்து வலமாக ஓடும் தமிழ். அவனுக்கு அது ஒரு விளையாட்டாகவே இருந்தது. இப்போது கடைப் பெயர்ப் பலகையைக்கூடப் படிக்கிறான்.

சர்ச் ஸ்ட்ரீட் கடைகளில் உங்கள் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எல்லாம் ஆங்கிலம். ஒரு தொகுதி 400, 500 ரூபாய். வாங்குகிறோம், வாங்காமல் இல்லை. ஆனால் தமிழில் வாங்க நினைத்தால் அடுக்கே இல்லையே? 2019-இல் உங்களில் ஒருவர் கொண்டுவந்த மாங்கா பிளஸ் செயலியில் ஸ்பானியம் உண்டு, தாய் உண்டு, இந்தோனேசியம் உண்டு. இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் 2025 செப்டம்பரில் மாங்காவிலிருந்து எடுத்த டீமன் ஸ்லேயர் அனிமேஷன் படம் தமிழ்க் குரலோடு திரையரங்குக்கு வந்தது. அதாவது எங்கள் காது உங்கள் கணக்கில் வந்துவிட்டது, கண் இன்னும் வரவில்லை.

சந்தை சிறியது என்பீர்கள். சரி, சிவகாசியைப் பாருங்கள். 1972-இல் முத்து காமிக்ஸ், 1984-இல் லயன் காமிக்ஸ். ஐரோப்பாவிலிருந்து உரிமை வாங்கி, இத்தாலியக் குதிரைவீரனையும் பெல்ஜியத்துக் கௌபாயையும் இன்றும் தமிழ் பேச வைத்துக்கொண்டிருக்கிறார்கள். காத்திருந்து வாங்கும் கூட்டம் அவர்களுக்கு உண்டு. முத்து காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியைப் பற்றி நடுத்தெருவில் நம்மை நிறுத்திவைத்துப் பேசும் தாத்தாக்கள் அல்சூரிலேயே இருக்கிறார்கள்.

எங்கள் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 32-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு நூல் வெளிவந்து 7 ஆண்டு கழிந்தும் மொழிபெயர்ப்பு வரவில்லை என்றால் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்கிறது. இலக்கியத்துக்கும் நாடகத்துக்கும்தான், படக்கதையின் படத்துக்கு ஆகாது. ஆனால் 'வெளியிடாமலே வைத்திருந்தால் என்ன செய்வது' என்ற கேள்வியை 1957-இலேயே யாரோ கேட்டிருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. எடுத்த இடத்தில் ஒன்றை வையுங்கள். அச்சு வேண்டாம், செயலியில் ஒரே ஒரு தொடர் போதும். சாப்டருக்கு 10 ரூபாய் என்றால் நான் கொடுப்பேன், என் தங்கையும் கொடுப்பாள். ஆனால் 2013-இல் உங்கள் கட்டணத் தளமான ஜேமாங்காவை மூடியபோது காசு கொடுத்து வாங்கியவர்களின் புத்தகமும் கூடவே போனது. அது மட்டும் மறுபடி வேண்டாம். தமிழில் போட யோசனையே இல்லை என்றால், தமிழில் விற்காததைத் தமிழில் தடுக்கும் முன் எங்களை ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். எங்கள் மொழிபெயர்ப்பை இனாமாகவே தருகிறோம், பெயர்கூடப் போட வேண்டாம். காத்திருப்பதும் எங்களுக்குப் பழக்கம்தான். இங்கே ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை திறப்பு விழா இல்லாமல் 18 வருடம் சாக்குக்குள் நின்றது, 2009-இல்தான் முகம் காட்டியது.

அப்புறம் ஒரு விஷயம். நோட்டீஸ் வந்த அன்று நாங்கள் போட்டிருந்த கடைசி சாப்டரில் அந்தப் பையன் 'போயிட்டு வரேன்' என்று கிளம்பினான். "மாமா, அவன் திரும்பி வந்தானா இல்லையா?" என்று தங்கை மகன் தினமும் கேட்கிறான். அடுத்த சாப்டர் என் கணினியில் முடிந்து கிடக்கிறது. 18 பக்கம். கடைசிப் பலூனில் 'வந்துட்டேன்' என்று வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
எழுத்து வைப்பவன்,
அல்சூர், பெங்களூரு