பூட்டிக் கிடக்கும் பூங்காவையும் பொட்டலையும் ஊருணிக் கரையையும் மக்களுக்குத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவரும்,
அவர் குடியிருக்கும் பகுதியின் பொதுமக்களும்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சிவகங்கை.

பொருள்: பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கப்பட்ட இடங்களைப் பட்டியலிட்டு, அளந்து, மக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். முப்பத்தொரு வருடம் பெண் பிள்ளைகளுக்குக் கபடியும் கோ-கோவும் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். காரைக்குடியின் ஓரத்தில் புதிதாக முளைத்த ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். புதிதாக நிலம் வாங்கித் தாருங்கள் என்றோ, கோடிக்கணக்கில் நிதி ஒதுக்குங்கள் என்றோ கேட்க இந்த மனுவை எழுதவில்லை. எங்களுக்கென்று ஏற்கெனவே ஒதுக்கிய இடம் இருக்கிறது. அது பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்துவிடச் சொல்லித்தான் கேட்கிறோம்.

எங்கள் குடியிருப்பின் மனைப்பிரிவு வரைபடத்தில், வடகிழக்கு மூலையில் பச்சை அடித்து 'பூங்கா' என்று எழுதியிருக்கிறது. நாங்கள் மனை வாங்கும்போது அந்தப் பச்சையைக் காட்டித்தான் விலை பேசினார்கள். இன்றைக்கு அங்கே போய்ப் பார்த்தால் ஆள் உயரச் சுற்றுச்சுவரும், துருப்பிடித்த சங்கிலி சுற்றிய இரும்புக் கதவும்தான் தெரியும். உள்ளே ஒரு சறுக்குமரம். அதன் தகரம் நடுவில் கிழிந்து வாயைப் பிளந்து நிற்கிறது. ஊஞ்சலில் ஒரு பக்கச் சங்கிலி மட்டும் தொங்குகிறது. மற்றதெல்லாம் சீமைக்கருவேலம். மேற்குச் சுவரில் இரண்டு கல் பெயர்ந்த இடத்தில் ஒரு சந்து இருக்கிறது. பிள்ளைகள் அதற்குள் நுழைந்துதான் உள்ளே போய் வருகிறார்கள். போன ஐப்பசியில் அந்தப் புதருக்குள்ளிருந்து கட்டுவிரியன் ஒன்று வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து தாய்மார்கள் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடுவதில்லை.

சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு இரண்டு வருடமாக அலைகிறேன். ஓர் அலுவலகத்தில் "இடம் இன்னும் எங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் "ஒப்படைத்தாயிற்று, பராமரிப்பு எங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். யார் மேலும் குறை சொல்லி எழுத வரவில்லை. ஆனால் அந்தப் பூட்டுக்கு யாராவது ஒருவர் பொறுப்பாளி என்று தாங்கள் எழுத்தில் சொன்னால் போதும், மீதி அலைச்சலை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அதுவரை பிள்ளைகள் தெருவில்தான் விளையாடுகிறார்கள். நிறுத்தி வைத்த இரண்டு பைக்குகளுக்கு நடுவே ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட். போன வைகாசியில் பந்தை எடுக்க ஓடிய எட்டு வயதுப் பையன் மேல் பைக் மோதி, முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தது. பள்ளிக்கூடம் திறந்து ஆறு வாரம் அவன் கட்டோடு போய் வந்தான். பைக் ஓட்டியவரும் எங்கள் தெருக்காரர்தான், வேகமாகக்கூட வரவில்லை. யார் மேலும் கோபப்பட முடியாமல் நின்ற அந்தச் சாயங்காலம்தான் இந்த மனு எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் பெரிய வீடுகள்தான். உங்களுக்கு இடத்துக்கா பஞ்சம் என்று கேட்பார்கள். உள்ளூரில் இருப்பவர்களுக்கு நிலைமை தெரியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் அந்த வீடுகளில் பாதிக்கு மேல் கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டுமே திறக்கிறார்கள். வளவில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடியது எங்கள் அப்பத்தா காலம். இன்று ஊரில் தினமும் அடுப்பெரியும் குடும்பங்கள் பெரும்பாலும் மாடிப் போர்ஷனில், அறுநூறு சதுர அடிக்குள் இருக்கிறோம். வேலைக்கும் படிப்புக்கும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள். 2011 கணக்கெடுப்பிலேயே காரைக்குடி நகராட்சியின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2024-இல் அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்து மாநகராட்சியும் ஆகிவிட்டது. அந்த 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். நாட்டின் சராசரி 382. இவ்வளவு நெருக்கமாக வாழும் மாநிலத்தில் வீட்டுக்கு வெளியே கால் வைக்க ஒரு பொது இடம் என்பது சோறு தண்ணீருக்கு அடுத்த தேவை.

மத்திய அரசு 2014-இல் வெளியிட்ட நகர வளர்ச்சி நெறிமுறை, ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. ஒரு லட்சம் பேருக்கே அது கிட்டத்தட்ட 250 ஏக்கர் வருகிறது. அவ்வளவு கேட்க எங்களுக்கே மனம் வரவில்லை. ஒரு சின்னக் கணக்கை மட்டும் தங்கள் முன் வைக்கிறேன். பெண்கள் கபடி ஆடுகளம் 12 மீட்டருக்கு 8 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட்டுக்குள் அடங்கிவிடும். வாலிபால் களம் 18-க்கு 9, நான்கு சென்ட். சட்டப்படி எங்களுக்கு விட்டிருக்க வேண்டிய இடம் எவ்வளவு தெரியுமா? 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தந்தாக வேண்டும். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் ஒன்றரை ஏக்கர் சாலைக்குப் போனால்கூட 35 சென்ட் மிஞ்சும். இரண்டு ஆடுகளமும், சுற்றி நடைபாதையும், பெரியவர்கள் உட்கார நிழலும் அதற்குள் வந்துவிடும்.

இதற்கென்றே தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1959-இலிருந்து இருக்கிறது. உள்ளாட்சி ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் உள்ள இந்த இடங்களுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்கிறது அது. பூங்காவுக்கு என்று விட்ட இடத்தை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்று பெங்களூர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1991-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே பூங்கா இடத்தில் கட்டப் பார்த்தது ஒரு மருத்துவமனை. மருத்துவமனைக்கே கூடாது என்றால், மற்றதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது என் வாழ்நாள் வேலை என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

எங்கள் பகுதியில் ஒரு பொட்டல் இருக்கிறது. மாலையில் அங்கே கிரிக்கெட் நடக்கும். மூன்று அணி ஆடினாலும் மூன்றும் பையன்கள்தான். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்களும் இடமில்லாமல்தான் அங்கே வருகிறார்கள். ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை அங்கே போய் ஒரு மூலையில் கோடு போட்டு ஆட முடியாது. வெளிச்சமும் இல்லை, கழிப்பறையும் இல்லை. பள்ளிக்கூடக் கதவு ஐந்தரைக்குச் சாத்தியதும் அவள் விளையாட்டு முடிந்தது. என்னிடம் ரெய்டு பழகிய ஒரு பிள்ளை, கால் நீட்டித் தொட்டால் எதிரணி அசையாது, அவ்வளவு நீளக் கால். மண்டலப் போட்டி வரை வந்தாள். பயிற்சிக்கு இருட்டினபின் ஊரைத் தாண்டிப் போக வேண்டியிருந்ததால் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவள் அப்பா என்னிடம், "டீச்சர், நம்ம தெருவுக்குள்ளேயே எடம் இருந்தா நானே ஒக்காந்து பாத்துக்குவேன்" என்றார். அவர் சொன்னதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. பையனுக்கு மைதானம் ஊருக்கு வெளியே இருந்தாலும் பைக்கில் போய்விடுவான். பெண் பிள்ளைக்கு அது வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் மைதானம்.

ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைத்து ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் ஊர் வெயிலில் அந்த அறுபது நிமிடம் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் கிடைக்கும். ஆறரைக்கு இருட்டிவிடும். அதனால்தான் விளக்கு கேட்கிறோம்.

அப்புறம், ஊருணி. 2014-இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்த வீடுகளைப் போலவே நேர்கோட்டுத் தெருக்களும், மழைத் தண்ணீரைச் சேர்க்கும் ஊருணிகளும் நம் முன்னோரின் திட்டமிடல்தான். அன்றைக்கு அந்தக் கரைதான் ஊரின் பூங்கா. செம்பூரான் கல் படியில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், பிள்ளைகள் மரத்தடியில் ஆடுவார்கள். எங்கள் பகுதி ஊருணியின் தென்கரையில் இப்போது இடிபாட்டுக் குப்பையைக் கொட்டுகிறார்கள். மழைத் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலும் பாதி தூர்ந்து போய்விட்டது. கரையைச் சுத்தம் செய்து சுற்றி நடைபாதை போட்டாலே முட்டிவலி ஆச்சிகளுக்கும் சர்க்கரை உள்ள ஐயாக்களுக்கும் காலை நடைக்கு வழி பிறக்கும். இப்போது அவர்கள் லாரியும் மினி பஸ்ஸும் வரும் ரோட்டோரத்தில் நடக்கிறார்கள்.

ஆகவே தங்களிடம் நாங்கள் பணிவுடன் வேண்டுவது: முதலில் எங்கள் பூங்காவின் பூட்டைத் திறக்க உத்தரவிட வேண்டும். புதரை வெட்டி, உடைந்த சாமான்களை அப்புறப்படுத்தினால் போதும், அடுத்த நாளே பிள்ளைகள் ஆடுவார்கள். அடுத்தது, காரைக்குடி மாநகராட்சி எல்லையிலும் சுற்றியுள்ள பேரூராட்சி, ஊராட்சிகளிலும் தானமாக எழுதித் தந்த திறந்தவெளிகள், பொட்டல்கள், ஊருணிக் கரைகள் எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு பட்டியலிட்டு, அளந்து கல் நட்டு, அந்தப் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் அந்த இடங்களைக் காக்க ஊர் மக்களே துணை நிற்பார்கள். பொட்டலில் ஹைமாஸ் விளக்கும், பெண்களுக்குக் கழிப்பறையும் வேண்டும். வாரத்தில் மூன்று மாலை பெண் பிள்ளைகளுக்கு என்று அறிவித்து ஒரு பலகை வைக்க வேண்டும். புல்தரை வேண்டாம். எங்கள் செம்மண்ணுக்கும் தண்ணீருக்கும் அது தாங்காது. வேம்பு, புங்கன் நட்டால் மூன்று வருடத்தில் நிழல் வந்துவிடும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மக்கள் பங்களிப்போடு அரசு பணி செய்யும் நமக்கு நாமே திட்டத்தில் எங்கள் பங்குத் தொகையைத் தெருவாரியாக வசூலித்துக் கட்டத் தயாராக இருக்கிறோம். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஐந்து வீடுகள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கின்றன. சாவியை என்னிடம் கொடுத்தால் காலை ஐந்தரைக்குத் திறந்து இரவு எட்டரைக்குப் பூட்டுகிறேன். சம்பளம் வேண்டாம். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் வள்ளல் அழகப்பர் கொடுத்த ஊர் இது. எங்களால் கொடுக்க முடிந்தது எங்கள் நேரம்தான், அதையாவது கொடுக்கிறோம்.

மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், பூங்காக் கதவு, சறுக்குமரம், ஊருணித் தென்கரை ஆகியவற்றின் புகைப்படங்கள், தெருவாரியான கையெழுத்துகள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். கையெழுத்துத் தாளின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளும் தங்கள் பெயரை எழுதியிருக்கிறார்கள். அது செல்லாது என்று தெரியும், ஆனாலும் அவர்கள் கேட்டதால் எழுத விட்டேன். அலுவலர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பதாக இருந்தால் மாலை ஐந்தரைக்கு மேல் வரச் சொல்ல வேண்டுகிறேன். அப்போதுதான் பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள் என்று தெரியும். காலாண்டு விடுமுறைக்கு முன்னால் அந்தப் பூட்டு திறக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை
மற்றும் குடியிருப்புப் பொதுமக்கள்,
காரைக்குடி.