வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குக் கேட்டுச் செய்ய ஒரு ஆள்: நன்கொடை வேண்டுகோள்

அனைவருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம், பணம் கேட்கத்தான் எழுதுகிறோம். வரும் ஜூனில் தொடங்கும் கல்வியாண்டுக்கு இன்னும் 2,90,000 ரூபாய் தேவை. எதற்கு என்று கேட்பீர்கள், அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் பக்கத்தில் பிளஸ் டூ முடித்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் காலேஜ் போகும் பிள்ளைகள் 40 பேருக்கு ஆளுக்கொரு அண்ணனையோ அக்காவையோ ஒரு வருடம் முழுக்கக் கூட நிற்க வைப்பதுதான் திட்டம். போன வருடம் சின்ன அளவில் செய்து பார்த்தோம். இந்த வருடம் கொஞ்சம் ஒழுங்காகச் செய்ய ஆசை.

"ஃபீஸ் கட்டணும், கொடுங்கன்னா புரியுது. கூட ஆள் வைக்க எதுக்குங்க பணம்?" என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஃபீஸுக்கு இன்று ஓரளவு வழி இருக்கிறது. முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. 6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வனில் அதே தொகை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இத்தனையும் இருந்தும், பிள்ளை தடுக்கி விழுவது யாரும் பார்க்காத சின்னச் சின்ன இடங்களில்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள்தான் அவகாசம். திரையில் 'அக்செப்ட் அண்டு ஜாயின்', 'அக்செப்ட் அண்டு அப்வர்ட்', 'டிக்ளைன் அண்டு அப்வர்ட்' என்று வரிசையாக நிற்கும். எதைத் தொட்டால் கையில் இருக்கும் சீட் பத்திரமாக இருக்கும், எதைத் தொட்டால் அதுவும் போகும் என்று அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது, பிரவுசிங் சென்டர்காரர் சொல்வதுதான் வேதவாக்கு. அவரும் பாவம், கியூவில் அடுத்த ஆள் நிற்கிறார்.

போன வருடம் எங்களிடம் இருந்த ஒரு பெண்ணுக்கு உதவித்தொகை வரவேயில்லை. ஆதாரில் ஒரு இனிஷியல், டிசியில் வேறு இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே கிடையாது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் செமஸ்டர் பாதி முடியும்வரை சும்மா இருந்திருக்கிறாள், வீட்டிலும் சொல்லவில்லை. அவளுக்கு அமைந்த அக்கா ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர், ஒரு போன் அடித்து முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. என்ன பேச வேண்டும் என்று அவளையே நோட்டில் எழுத வைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "குட் மார்னிங் மேடம்" என்பதைக்கூட எழுதி வைத்துத்தான் படித்தாள், நடுவில் எதிர்முனையிலிருந்து ஏதோ கேட்க, நோட்டில் அதற்குப் பதில் இல்லாததால் முழிக்க, அக்கா வாயைத் திறக்காமல் பாஸ்புக்கை மட்டும் அவள் பக்கம் திருப்பி வைத்தார். பணம் வந்துவிட்டது. பிறகு பஸ் பாஸில் ஒரு சிக்கல் வந்தபோது எங்களுக்குத் தெரியும் முன்பே அவளே போய்ப் பேசி முடித்திருந்தாள். நாங்கள் பணம் கேட்பது இந்த மாதிரி ஒரு மணி நேரத்துக்குத்தான்.

நம்ம ஏரியாவுக்கு இதெல்லாம் ஒன்றும் புதிதில்லை. 2008இல் கேரம் உலக சாம்பியனான இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் வடசென்னைப் பெண்தான், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆட்டோ ஓட்டும் அவருடைய அப்பா. கேரம் ஆடவோ பாக்ஸிங் கற்கவோ இங்கே தெருவுக்குத் தெரு ஒரு அண்ணன் உண்டு, கை எங்கே தப்பாகப் போகிறது என்று பக்கத்தில் நின்று திருத்துவார், வரவில்லையென்றால் வீட்டுக்கே வந்து கூப்பிடுவார். ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனுக்குக்கூட அவனை வளர்த்துவிட ஒரு மெக்கானிக் இருக்கிறார். காலேஜுக்கும் ஆபீசுக்கும் மட்டும் தெருவில் ஆள் இல்லை, ஏனென்றால் படித்து வேலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் வேளச்சேரி, பெருங்குடி என்று வீடு மாறிவிட்டோம். (அங்கே மட்டும் மழைக்குத் தண்ணீர் நிற்காதா என்பது வேறு விஷயம்.)

கணித மேதை ராமானுஜன் பேச்சு வந்தால் எல்லாரும் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த பேராசிரியர் ஹார்டியைத்தான் சொல்வார்கள். எங்கள் குழுவுக்கு நாராயண ஐயரைத்தான் பிடிக்கும். 1912இல் மெட்ராஸ் துறைமுகத்தில் ராமானுஜன் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அங்கே தலைமைக் கணக்கராக இருந்தவர் அவர். வேலை முடிந்ததும் திருவல்லிக்கேணியில் தன் வீட்டில் சிலேட்டை வைத்துக்கொண்டு ராத்திரி வரை ராமானுஜனோடு கணக்குப் போட்டிருக்கிறார், நடுவில் உள்ள படிகளையும் எழுது, இல்லையென்றால் எங்களுக்கெல்லாம் புரியாது என்று விடாமல் சொல்லியிருக்கிறார், துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காதில் போட்டிருக்கிறார். ஹார்டிக்குக் கடிதம் போனது 1913 ஜனவரியில்தான், அதற்கு முன்னால் கேம்பிரிட்ஜில் வேறு பேராசிரியர்களுக்கு எழுதியும் காரியம் நடக்கவில்லை. அந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கூட வேலை பார்த்த ஒரு மேலதிகாரி. எங்கள் 40 பேருக்குள் ஒரு ராமானுஜன் இருக்கிறார் என்று கதை விடவில்லை, இருந்தால் சந்தோஷம். நாராயண ஐயர்கள் 40 பேர் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, பணத்துக்கு வருவோம்.

இந்த மாதிரி வேலை எங்கே படுத்துக்கொள்ளும் என்பது ஊருக்கே தெரிந்ததுதான். ஆரம்பத்தில் எல்லாரும் ஆர்வமாக வருவார்கள், அப்புறம் ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ், நேரமில்லை என்பார்கள், அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். அமெரிக்காவில் இப்படிப் பிள்ளைகளுக்குத் துணையாக ஆள் சேர்த்த ஒரு திட்டத்தைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வில், ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்த இடங்களில்தான் நல்ல பலன் தெரிந்திருக்கிறது, மூன்று மாதத்துக்குள்ளேயே அறுந்துபோன இடங்களில் பிள்ளைகள் சில விஷயங்களில் முன்பைவிடச் சோர்ந்து போயிருக்கிறார்கள். அதாவது பாதியில் விடுவதற்குத் தொடங்காமலே இருக்கலாம். அதனால்தான் இந்த முறை சம்பளம் கொடுத்து ஒரு ஒருங்கிணைப்பாளரை வைக்கிறோம். வாரா வாரம் இரண்டு பக்கமும் போன் போட்டு, யார் சந்தித்தார்கள், யார் டிமிக்கி கொடுத்தார்கள் என்று பார்ப்பதே அவர் வேலை. ஒரு பெண்ணைத்தான் தேடுகிறோம், பெண் பிள்ளைகள் மனம்விட்டுப் பேச அது வசதி.

சந்திப்பு எங்கள் அறையில் மட்டும்தான், நாலு பேர் இருக்கும்போது, கதவு திறந்திருக்க. தனியாக வெளியே கூட்டிக்கொண்டு போவது கிடையாது. வழிகாட்ட வருபவர் பிள்ளைக்குப் பணம் கொடுக்கவும் கூடாது, கடன் வாங்கவும் கூடாது. இதில் எந்தச் சலுகையும் இல்லை, எவ்வளவு பெரிய நன்கொடையாளராக இருந்தாலும்.

மாதச் செலவு இப்படிப் போகும்: அறை வாடகையும் கரண்ட்டும் 11,000, ஒருங்கிணைப்பாளர் சம்பளம் 18,000, பயணம் 6,000, டீ பிஸ்கட் 2,500, பிரின்ட் அவுட், ரீசார்ஜ் வகையறா 2,500. மொத்தம் 40,000, வருடத்துக்கு 4,80,000. குழுவில் இருப்பவர்கள் கைக்காசு போட்டு 1,90,000 சேர்த்துவிட்டோம், மீதிக்குத்தான் உங்களிடம் வருகிறோம். மொத்தச் செலவை 40 பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாய். டீ செலவைப் பட்ஜெட்டில் போடலாமா கூடாதா என்று எங்களுக்குள்ளேயே ஒரு பெரிய சண்டை நடந்தது, போடத்தான் வேண்டும் என்றவர்கள் ஜெயித்தார்கள். ஒரு பையன் "அண்ணா, ரெண்டு அரியர் விழுந்துடுச்சு" என்று வாயைத் திறப்பது இரண்டாவது டீயில்தான், அனுபவத்தில் சொல்கிறோம்.

பயணத்துக்கு 6,000 எதற்கென்றால், சோழிங்கநல்லூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடிக்கு வந்து போகும் ஒரு இளம் பெண்ணின் பஸ், ரயில், கடைசியில் ஷேர் ஆட்டோ எல்லாம் அவர் கைக்காசாகவே போனால் மழைக்காலத்தோடு அவர் நின்றுவிடுவார். பிள்ளைகளை ஒரு ஆபீசையோ தொழிற்சாலையையோ உள்ளே போய்ப் பார்க்கக் கூட்டமாக அழைத்துப் போவதும் இதில்தான் வரும்.

வழிகாட்ட வருபவர்களுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் ஐயா ஒருவர் சொன்னதையே சொல்கிறோம். "வீட்ல டிவி ரிமோட்டைக்கூட என் கையில தர மாட்டேங்கிறாங்க. இங்க ஒருத்தன் நான் சொல்றதை நோட்ல எழுதிக்கிறான்." மெக்கானிக்கல் படிக்கும் பையனுக்கு டிராயிங் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். பதிலுக்கு அந்தப் பையன் அவருக்கு யூபிஐ சொல்லிக் கொடுத்தான், முதல் நன்கொடையாக 101 ரூபாய் எங்களுக்குத்தான் அனுப்பினார்.

பணம் அனுப்புகிறவர்கள் கவனிக்க: எங்கள் அறக்கட்டளைக்கு, நன்கொடை தருபவர்களுக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு உண்டு, ரசீதுக்குப் பான் எண் வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது, அதனால் வங்கி வழியாகவோ யூபிஐயிலோ அனுப்புங்கள். புது வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படியும் 80ஜி கிடையாது, ஆனாலும் கொடுங்கள்! வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு எங்களுக்கு இல்லை. வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை வங்கி மூலம் தாராளமாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் சரி, தயவுசெய்து அனுப்ப வேண்டாம், எங்களால் வாங்க முடியாது.

மொத்தமாகக் கொடுத்தாலும் சரி, மாதம் 250 ரூபாய் என்றாலும் சரி. மாதா மாதம் வருவதுதான் எங்களுக்கு வசதி, வாடகையும் சம்பளமும் மாதா மாதம்தானே போகிறது. பழைய லேப்டாப் தருகிறவர்கள் சார்ஜரோடு தாருங்கள். வரவு செலவுக் கணக்கை மாதக் கடைசியில் அறைச் சுவரில் ஒட்டுவோம், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், பில் கேட்கலாம்.

வழிகாட்டியாக வர நினைப்பவர்கள் மே மாதத்துக்குள் பெயர் கொடுங்கள். ஒரு வருடம், மாதம் இரண்டு ஞாயிறு, இதற்குக் குறைவாகத்தான் முடியுமென்றால் இந்த முறை பணம் மட்டும் கொடுங்கள், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.