கையேடு எழுதவும் ஒரு பட்டப் படிப்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கான மேற்படிப்புகள் பற்றிய உங்கள் கட்டுரையில் தொழில்நுட்ப எழுத்துக்கு, அதாவது இயந்திரங்களுக்கும் பொருள்களுக்கும் பயன்பாட்டுக் கையேடு எழுதும் வேலைக்கு, ஒரே ஒரு வரிதான் கிடைத்திருந்தது. ஆங்கிலம் நன்றாக வந்தால் குறுகிய காலச் சான்றிதழ் படிப்பே போதுமாம். சென்னையில் பல ஆண்டுகளாக யூசர் மேனுவல் எழுதிப் பிழைப்பவள் நான். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவில் ரென்சலேர் பாலிடெக்னிக் என்ற பல்கலைக்கழகம் 1953-லேயே இதற்கு முதுகலைப் படிப்பைத் தொடங்கிவிட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் படிப்பு 1958-ல் வந்தது. நம் ஊரில் பொறியியல் முதலாண்டில் ஆங்கிலத் தாள் வைப்பதோடு சரி.

இந்த வேலையில் மொழி பாதிதான். 1986 மார்ச்சில், டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில், தெரக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் 'மால்ஃபங்ஷன் 54' (கோளாறு 54) என்று திரையில் காட்டிவிட்டு நின்றது. ஆபரேட்டரிடம் இருந்த கையேட்டில் அந்த எண்ணுக்கு விளக்கமே இல்லை. இயந்திரம் அடிக்கடி இப்படி நிற்பது வழக்கம் என்பதால், அவர் தொடரச் சொல்லும் பொத்தானை அழுத்தினார். நோயாளிமேல் இரண்டாம் முறையும் அளவுமீறிய கதிர் பாய்ந்தது. சில மாதங்களில் அவர் இறந்துபோனார். மூல காரணம் மென்பொருள் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் கதிரின் அளவு மிகக் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்பதே அந்த எண்ணின் பொருள். அதை ஒரு வரியில் எழுதி, 'உடனே நிறுத்துங்கள்' என்று சேர்த்திருந்தால் எவர் கை அந்தப் பொத்தானுக்குப் போயிருக்கும்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பூச்சிக்கொல்லி டப்பாவோடு வரும் துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் பாருங்கள். வட்டார மொழியிலும் அது இருக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு விதிகள் சொல்வதால் தமிழ் இருக்கும், பொடி எழுத்தில். அளவெல்லாம் ஹெக்டேர் கணக்கு. விவசாயி கேட்பதோ, "டேங்குக்கு எத்தனை மூடி?" ஹெக்டேருக்கு 250 மில்லி மருந்து, 500 லிட்டர் தண்ணீர் என்று போட்டிருந்தால், ஏக்கருக்கு ஏறக்குறைய 100 மில்லி, 200 லிட்டர், பத்து லிட்டர் டேங்குக்கு 5 மில்லி. இந்தக் கணக்கை வரப்பில் நின்று அவரே போட வேண்டுமா? கையுறை போடச் சொல்லும் எச்சரிக்கை, கலக்கும் முறைக்கு முன்னால் வர வேண்டாமா?

இதையெல்லாம் பழகித்தான் கற்க முடியும். பொறியாளரிடம் துருவிக் கேட்பது, எழுதியதை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து அவர் எங்கே தடுமாறுகிறார் என்று வாய் திறக்காமல் பார்ப்பது, திருத்துவது, மறுபடி கொடுத்துப் பார்ப்பது. சில வாரங்களில் இது கைக்கு வராது. ஏஐ எழுதிவிடும் என்கிறார்கள். வாக்கியம் எழுதும், வயலுக்குப் போய் மூடி அளவைப் பார்த்து வராது.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே கட்டுமானவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. பொறியியலைத் தமிழில் படித்தவர்களுக்குத் தொழில்நுட்ப எழுத்தைவிடப் பொருத்தமான மேற்படிப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை. தமிழ்த் துறை, ஆங்கிலத் துறை, பொறியியல் துறை மூன்றும் சேர்ந்து இரண்டாண்டு முதுகலைப் படிப்பாகவாவது இதைத் தொடங்க வேண்டும். இது பற்றி நம் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களிடம் கேட்டு, அவர்கள் பதிலை உங்கள் கல்விப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை