தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது எங்களை யாரும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

விமான சேவை, டெலிகொம், காப்புறுதிக் கூட்டுத்தாபனம் என்று அரச நிறுவனங்களை விற்பது பற்றிய பேச்சு இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஓயவே இல்லை. விற்க வேண்டும் என்பவர்களும் கூடாது என்பவர்களும் தினமும் உங்கள் பத்திரிகையில் எழுதுகிறார்கள். ஆனால் 30 வருடத்துக்கு மேலாக மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நடந்துகொண்டிருக்கும் தனியார்மயத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட வருவதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1992ல் அரசின் இரண்டு தோட்ட நிறுவனங்களான ஜனவசமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வைத்திருந்த தோட்டங்களில் பெரும்பகுதியை 22 பிராந்தியக் கம்பனிகளாகப் பிரித்து, நிர்வாகத்தைத் தனியாரிடம் கொடுத்தார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தோட்டங்கள் பெரிய நட்டத்தில் ஓடின, திறைசேரி பணம் கொட்டிக்கொண்டே இருந்தது. சரி, கொடுத்தார்கள். எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் விஷயம். 1995லிருந்து 51 வீதப் பங்குகளை விற்றார்கள், குத்தகையை 2045 வரை நீட்டினார்கள். முதலில் எழுதிய குத்தகையில் ஒரு தோட்டத்துக்கு வருட வாடகை 500 ரூபா. நூற்றுக்கணக்கான ஏக்கர் தேயிலை, தொழிற்சாலை, பங்களா எல்லாம் சேர்த்துத்தான் அந்த 500. 1996ல்தான் அதைத் திருத்தினார்கள். அந்த நிலத்தின் மேல் தலைமுறை தலைமுறையாக லயத்தில் (வரிசை வீடுகளில்) குடியிருந்த சனத்துக்கு வீட்டுக்கோ காணிக்கோ என்ன உரிமை என்று எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை.

என் அம்மா ஜனவசம் காலத்திலும் கொழுந்து பறித்தார், கம்பனி காலத்திலும் பறித்தார். இரண்டு காலத்திலும் துரை (தோட்ட முகாமையாளர்) துரைதான். ஆனால் மலை மாறிவிட்டது. முன்பு வருடாவருடம் தண்ணீர் ஓடக் கான் வெட்டுவார்கள், மண்ணைக் கிளற முள்ளுக் குத்துவார்கள், புல் எடுப்பார்கள். இப்போது எங்கள் பக்கம் பல மலைகளில் தேயிலைச் செடி எது, காடு எது என்று தெரியாது. உள்ளே குளவிக் கூடு, அட்டை, சில இடங்களில் சிறுத்தை. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன செய்தியை நீங்களே எத்தனை தடவை போட்டிருக்கிறீர்கள்! அந்தக் காட்டுக்குள் இறங்கித்தான் பதினெட்டு, இருபது கிலோ பறிக்க வேண்டும். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிவு வேறு. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான்.

மறுநடுகை வருடத்துக்கு 2 வீதமாவது செய்ய வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, கம்பனித் தோட்டங்கள் அதன் பக்கத்திலேயே வரவில்லை. புதிய செடி பலன் தர வருடக்கணக்காகும், குத்தகை முடியும் தேதி எழுதியிருக்கிற நிலத்தில் அவ்வளவு பணத்தை எவன் போடுவான்? வெள்ளைக்காரன் வைத்த விதைத் தேயிலையிலேயே இன்னும் பறித்துக்கொண்டிருக்கிறோம். இன்று நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிற்றுடைமையாளர்களுடையது. சொந்தக் காணி என்பதால் அவர்கள் செடியைப் பார்த்துக்கொள்கிறார்கள், இதிலிருந்துகூட நாம் எதையும் படிக்கவில்லை.

அப்புறம் சம்பளம். நாளுக்கு 1,000 ரூபா கேட்டு 2018ல் வீதிக்கு இறங்கினோம், அது கிடைக்க 2021ல் சம்பளச் சபை வர்த்தமானி வர வேண்டியிருந்தது, அதற்கும் கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024ல் 1,700 என்று அறிவித்தார்கள், மறுபடி நீதிமன்றம், கடைசியில் கைக்கு வந்தது 1,350. பிறகு 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ஆக்கி, வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவை அரசாங்கமே தருவதாகச் சொன்னார்கள். தொழிலாளிக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் காசுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தனியார் கம்பனி கொடுக்க வேண்டிய நாட்சம்பளத்தில் ஒரு பகுதியை வரிப்பணத்திலிருந்து கொடுக்கும் நிலை வந்துவிட்டது என்றால், திறைசேரியின் சுமையைக் குறைக்கத் தனியாரிடம் கொடுக்கிறோம் என்று 1992ல் சொன்ன கதை என்ன ஆயிற்று?

டெலிகொம்மின் 35 வீதத்தை 1997ல் ஜப்பானின் என்.டி.டி.க்கு விற்றபோது போன் லைனுக்கு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு நன்மை கிடைத்தது, அது உண்மை. அங்கே போட்டிக்கு வேறு கம்பனிகளும் வந்தன. தோட்டத்தில் வேலை கொடுப்பவனும் வீட்டுக்குச் சொந்தக்காரனும் ஒருவனே, பிடிக்கவில்லை என்று எங்கே போவது? போகக்கூடியவர்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். 1992ல் மூன்று இலட்சத்துக்கும் மேலிருந்த தொழிலாளர்களில் பாதிப் பேர்கூட இப்போது பதிவில் இல்லை.

திரும்ப அரசாங்கமே எடுக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. கண்டி, மாத்தளைப் பக்கம் இன்னும் அரசின் கையில் இருக்கும் தோட்டங்களில் தொழிலாளருக்குச் சேர வேண்டிய ஈ.பி.எப். (சேமலாப நிதி), ஈ.டி.எப். (நம்பிக்கை நிதி) நிலுவை கோடிக்கணக்கில் கிடக்கிறது, அந்தச் சனங்கள் எங்களைவிட மோசமாகக் கஷ்டப்படுகிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு கம்பனியிலும் தங்கப் பங்கு என்று ஒன்று திறைசேரிச் செயலாளர் பெயரில் இருக்கிறது. இரண்டு வாரம் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு எந்தக் கம்பனியின் கணக்குப் புத்தகத்தையும் திறந்து பார்க்கும் உரிமை அதில் உண்டு. நட்டம், கொடுக்க முடியாது என்று கம்பனிகள் சொல்லும்போதெல்லாம் அமைச்சர்கள் மேடையில் கோபப்படுகிறார்களே தவிர, அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை. இப்போது சில கம்பனிகள் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கும் முறைக்கு மாறுகின்றன. காணி உறுதியும் இல்லை, ஈ.பி.எப்பும் இல்லை என்றால் அதில் தொழிலாளிக்கு மிஞ்சுவது கடன்தான். காணியை எழுதிக் கொடுத்துவிட்டு அந்த முறையைக் கொண்டுவரட்டும், நாங்களே முன்வந்து செய்வோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் செய்தியாளர் ஒருவரை அனுப்பி, தங்கப் பங்கைப் பயன்படுத்திக் கடந்த பத்து வருடத்தில் எந்தெந்தக் கம்பனியின் கணக்கைப் பார்த்தீர்கள் என்று திறைசேரியிடம் தகவலறியும் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கிடைக்கும் பதிலை அப்படியே முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளியின் மகன்,
பொகவந்தலாவ