மக்கள் எவ்வளவு தருவார்கள்? காசை வைத்துக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுதானியத்துக்கும் பாரம்பரிய அரிசிக்கும் கூடுதல் விலை கொடுக்க மக்கள் தயாராக இருக்கிறார்கள், இத்தனை சதவீதம் பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்கிற செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. இனிமேல் அப்படி ஒரு செய்தி உங்கள் மேஜைக்கு வந்தால், அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் என்று வேண்டிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் யாராவது ஒருவராவது காசை எடுத்துக் கொடுத்துப் பொருளை வாங்கிக்கொண்டு போனாரா? இல்லையென்றால் அந்தச் சதவீதத்தை நம்பி எந்த விவசாயியும் ஒரு மூட்டை நெல்லைக்கூட இருப்பு வைக்கக் கூடாது.

டெல்டாவில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருக்கிறேன். எங்களுக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் நின்று கணக்கெடுப்பு எடுத்துக் கொடுத்தது. "ரசாயனம் போடாத மாப்பிள்ளைச் சம்பா, சாதாரண அரிசியைவிடக் கிலோவுக்கு 40 ரூபாய் கூட இருந்தால் வாங்குவீர்களா?" என்பது கேள்வி. கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் வாங்குவோம் என்றார்கள். ஏன் சொல்ல மாட்டார்கள்? ஆமாம் என்று சொல்ல ஒரு பைசா செலவில்லை, வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி அக்கறை இல்லாதவர் மாதிரித் தெரியும், எதிரே நிற்கிற பெண்ணும் ஆமாம் என்ற பதிலைத்தான் எதிர்பார்த்து நிற்கிறார் என்பது முகத்திலேயே தெரிகிறது. அந்த அறிக்கையை வைத்துத்தான் உறுப்பினர்களுக்குக் கொள்முதல் விலை சொன்னார்கள், நெல்லை அரைத்து அடுக்கியும் வைத்தார்கள். அரிசி நகரவில்லை. பட்டை தீட்டாத அரிசி, தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரமே சிக்கு வாடை வரும், வெயில் காலத்தில் வண்டு விழும், அதைப் புடைத்துப் புடைத்துக் காயவைத்துக் கடைசியில் சாதாரண அரிசி விலைக்குக் கொஞ்சம் மேலே தள்ளிவிட வேண்டியதாயிற்று. கணக்கெடுப்பு எடுத்துக் கொடுத்தவர்களுக்கு அவர்கள் கட்டணம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. ஜான் லிஸ்ட், கிரெய்க் கேலட் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள், வாயால் சொன்ன விலையையும் உண்மையில் காசு கொடுத்த விலையையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் திரட்டி 2001-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை என்னும்போது மக்கள் சராசரியாகச் சுமார் மூன்று மடங்கு கூட்டிச் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்குக் கிடைத்த கணக்கு. பொருளுக்குப் பொருள், கேட்கிற முறைக்கு முறை இது மாறும், எல்லா இடத்திலும் மூன்று மடங்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை.

இதற்கு மாற்றுவழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றும் இல்லை. சோதனை ஏலம் என்று பெயர். நிஜப் பொருள், நிஜக் காசு, ஆனால் விலையைக் கூட்டி லாபம் பார்ப்பது நோக்கமில்லை. ஒவ்வொருவர் மனதிலும் அந்தப் பொருளுக்கு என்ன மதிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம்.

ஏலம் நமக்குப் பழக்கமானதுதான், காசிமேட்டில் மீன், ஈரோட்டில் மஞ்சள், குன்னூரில் தேயிலை என்று நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் கூவிக் கேட்கிற ஏலத்தில் பக்கத்தில் நிற்பவர் விட்டுக்கொடுத்த இடத்தில் நிறுத்திக்கொள்வோம், ஜெயித்தவர் இன்னும் எவ்வளவு வரை போயிருப்பார் என்பது கடைசிவரை வெளியே வராது. மூடிய டெண்டரில் எழுதின தொகையை அப்படியே கட்ட வேண்டும் என்பதால் எல்லோரும் கொஞ்சம் குறைத்தே எழுதுவார்கள். இந்த இரண்டையும் கடந்து உண்மை விலையை வெளியே எடுப்பது எப்படி என்று 1961-ல் வில்லியம் விக்ரி என்ற பேராசிரியர் எழுதினார். எல்லோரும் மூடின சீட்டில் எழுதட்டும், அதிகம் எழுதினவருக்குப் பொருள், ஆனால் அவர் கட்ட வேண்டியது தான் எழுதின தொகையை அல்ல, இரண்டாவதாக வந்தவர் எழுதின தொகையை. அவருக்கு 1996-ல் நோபல் பரிசு அறிவித்தார்கள், அறிவித்த மூன்றாம் நாளே இறந்துபோனார், பரிசைக் கையில் வாங்கவில்லை. 1964-ல் பெக்கர், டிகுரூட், மார்ஷக் என்ற மூன்று பேர் இன்னும் எளிதான ஒரு முறையைச் சொன்னார்கள். அதில் எதிராளியே கிடையாது, ஒருவரை மட்டும் உட்கார வைத்தும் செய்யலாம், அதனால்தான் கிராமங்களில் வீடு வீடாகச் செய்கிற ஆய்வுகளுக்கு அது ஏற்றதாக இருக்கிறது.

அது எப்படி என்று பாருங்கள். உங்கள் முன்னால் ஒரு கிலோ மாப்பிள்ளைச் சம்பா இருக்கிறது. இதற்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று எழுதச் சொல்கிறார்கள். உங்கள் மனதில் 90 ரூபாய். எழுதி முடித்த பிறகு, 30 முதல் 150 வரை விலை எழுதிய சீட்டுகள் கிடக்கிற டப்பாவில் கைவிட்டு ஒன்றை எடுக்கிறீர்கள். அந்த விலை நீங்கள் எழுதினதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் சீட்டில் வந்த விலைக்கு அரிசியை வாங்கியே ஆக வேண்டும். கூடுதலாக இருந்தால் அரிசி கிடையாது, பேரம் கிடையாது, இன்னொரு வாய்ப்பும் கிடையாது. இப்போது சாமர்த்தியமாக 70 என்று குறைத்து எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், சீட்டில் 80 வருகிறது, 90 வரை தரத் தயாராக இருந்த அரிசி 80-க்குக் கிடைக்க இருந்ததை நீங்களே விட்டுவிட்டீர்கள். சரி, பெருமைக்கு 120 என்று எழுதுகிறீர்கள், சீட்டில் 110 வருகிறது, 90 மதிப்பு என்று நினைத்த பொருளுக்கு 110 எண்ணி வைக்க வேண்டும். குறைத்தாலும் நஷ்டம், கூட்டினாலும் நஷ்டம், மனதில் இருப்பதை எழுதுவது ஒன்றுதான் வழி. அடுக்குமாடி வாசலில் கேட்ட கேள்வியில் இந்தக் கட்டு எதுவும் இல்லை.

உணவுப் பொருளுக்கு இதை அமெரிக்காவில் 1990-களிலேயே நன்றாகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷோக்ரன், ஹேய்ஸ் முதலானோர் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், வந்தவர்களிடம் ஒரு சாதாரண சாண்ட்விச்சைக் கொடுத்துவிட்டு, கிருமிச் சோதனை கடுமையாகச் செய்த இன்னொரு சாண்ட்விச்சுக்கு இதை மாற்றிக்கொள்ள எவ்வளவு தருவீர்கள் என்று ஏலம் கேட்க வைத்தார்கள். கிடைத்ததை அங்கேயே சாப்பிட வேண்டும் என்பதும் விதி. சாப்பிடப் போவது தான்தான் என்று தெரிந்தால் எழுதுகிற கை பொய் எழுதாது.

நமக்கு நெருக்கமான உதாரணம் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. ஐதராபாத் பக்கம் இருக்கிற சர்வதேச வேளாண் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட் உருவாக்கி, 2012-ல் அந்த மாநிலத்தில் வெளியான இரும்புச்சத்து கூடிய கம்பு ரகம் தனசக்தி. இரும்புச்சத்து கூடிய கம்பை மக்கள் காசு கொடுத்து வாங்குவார்களா என்று அங்கே கிராமங்களில் பார்த்திருக்கிறார்கள். பானர்ஜி முதலானோர் செய்த இந்த ஆய்வு 2016-ல் வெளியானது. அந்த ஊர்க் கம்பு ரொட்டியான பாக்ரியைச் சுட்டுக் கொடுத்துச் சாப்பிட வைத்து, அப்புறம் ஏலம். எந்த விவரமும் சொல்லாதபோதே உள்ளூர்க் கம்பைவிடச் சிறிதளவு கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள், சத்து விவரத்தைச் சொன்ன பிறகு அந்தக் கூடுதல் இன்னும் ஏறியது. அதோடு, மாநில அளவிலான முத்திரையைவிடச் சர்வதேச அளவிலான பெயருக்கும் சான்றுக்கும் மதிப்பு அதிகம் கிடைத்தது. கம்பைப் பயிரிட்டு அன்றாடம் சாப்பிடுகிற ஊர்க்காரர்கள் இப்படிச் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாக்கெட்டில் யார் முத்திரையை அடிப்பது என்பதற்கு ஒரு நிறுவனம் விளம்பரக்காரரிடம் போவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

நம் ரேஷன் கடைகளில் இரும்புச்சத்து முதலானவை சேர்த்துச் செறிவூட்டிய அரிசி வந்தபோது, தண்ணீரில் மிதக்கிற மணிகளைப் படம் பிடித்து "பிளாஸ்டிக் அரிசி" என்று செல்போனுக்குச் செல்போன் பரப்பினார்கள், பல வீடுகளில் அந்த மணிகளைப் பொறுக்கி எறிந்தார்கள். அரசு விளக்கம் கொடுத்தும் பயம் சுலபத்தில் போகவில்லை. இதே மாதிரி ஒன்றை ஃபாக்ஸ், ஹேய்ஸ், ஷோக்ரன் மூவரும் 2002-ல் எழுதியிருக்கிறார்கள், கதிர்வீச்சால் கிருமி நீக்கிய பன்றி இறைச்சியை வைத்து. நல்லவிதமான விவரம் மட்டும் கொடுத்தபோது ஏலத் தொகை ஏறியது, கெட்டவிதமான விவரம் மட்டும் கொடுத்தபோது இறங்கியது, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது கெட்டதுதான் ஜெயித்தது, தொகை இறங்கிப் போனது. செறிவூட்டிய அரிசியை ஊர் ஊராக அனுப்புவதற்கு முன்னால் நாலு ஊரில் இப்படி ஒரு சோதனை செய்து, என்ன வார்த்தை சொன்னால் பயம் குறைகிறது என்று பார்த்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சோதனை ஏலத்திலும் கோட்டை விடலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஏரியலி, லோவன்ஸ்டைன், ப்ரெலெக் 2003-ல் வெளியிட்டது எல்லோரும் படிக்க வேண்டியது. அமெரிக்காவில் நம் ஆதார் எண் மாதிரி ஒரு சமூகப் பாதுகாப்பு எண் உண்டு, அதன் கடைசி இரண்டு இலக்கத்தை எழுத வைத்து, அதையே டாலராக எடுத்துக்கொண்டு, இந்தத் தொகைக்கு இந்த ஒயினை வாங்குவாயா என்று கேட்டுவிட்டு, அப்புறம் எவ்வளவு தருவாய் என்று கேட்டார்கள். காசும் நிஜம், பொருளும் நிஜம். அப்படியும் பெரிய எண் வைத்திருந்தவர்கள் அதிகமாகவும் சிறிய எண் வைத்திருந்தவர்கள் குறைவாகவும் எழுதினார்கள். ஒரு சம்பந்தமும் இல்லாத எண்ணே இப்படி இழுக்கிறது என்றால், ஏலம் நடத்துகிறவர் வாய்தவறி "கடையில் 120-க்கு விற்கிறது" என்று சொன்னால் என்ன ஆகும்? அதே போல், வந்ததற்காகக் கொடுக்கிற பணம் கையில் இருக்கும்போது, அது இலவசமாக வந்ததுதானே என்று தாராளமாக எழுதுகிறவர்களும் உண்டு. முதலில் சோப்பையோ பிஸ்கட்டையோ வைத்து ஒரு முறை நிஜமாகவே விளையாடிக் காட்டாவிட்டால் பாதிப் பேருக்கு விதி புரியாது, பழக்கத்தில் பேரம் பேசுகிற மாதிரிக் குறைத்து எழுதிவிடுவார்கள். இதையெல்லாம் கவனித்துச் செய்ய ஆள் வேண்டும், நேரம் வேண்டும். கணக்கெடுப்பைவிடச் செலவு கூடத்தான். ஆனால் வண்டு விழுந்த அரிசியின் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஏலத்தில் ஏழை ஒருவர் குறைவாக எழுதினால், அவருக்கு அந்தப் பொருள் தேவையில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கையில் இருக்கிற காசுதான் அங்கே பேசுகிறது. வட கானாவில் பெர்ரி, ஃபிஷர், கிட்டராஸ் என்பவர்கள் குடிநீர் வடிகட்டியை வைத்து இதே சீட்டு முறையில் கேட்டபோது, மக்கள் தரத் தயாராக இருந்த தொகை தயாரிப்புச் செலவைவிட வெகுவாகக் குறைவு. கென்யாவில் கோஹனும் டுபாவும், ஏலமில்லை, வெவ்வேறு விலை வைத்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுத்த கொசுவலைக்கு வெறும் 60 சென்ட் விலை வைத்ததும், வாங்குகிறவர்கள் நூறு பேருக்கு 60 பேர் என்ற கணக்கில் குறைந்துபோனார்கள். அந்தத் தாய்மார்களுக்கு மலேரியாவைப் பற்றிக் கவலை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? ஆகவே நகரத்தில் வசதியானவருக்கு விற்கிற பாரம்பரிய அரிசிக்கு விலை வைக்க இந்த முறையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ரேஷன் பொருளுக்கும் தடுப்பு மருந்துக்கும் கட்டணம் வைக்க இதைச் சாக்காக எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது சிறிய விஷயம்தான். "இத்தனை சதவீதம் பேர் தயார்" என்று ஒரு அறிக்கை வந்தால், பணம் கை மாறியதா, பொருளைச் சாப்பிட்டுப் பார்த்தார்களா, கேள்விக்கு முன்னால் ஏதாவது விலை சொன்னார்களா என்பதைச் செய்தியிலேயே ஒரு வரியில் போடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று போடுங்கள், படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளாதாரம் படிக்கிற மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வேட்டுக்கு இன்னொரு கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு சந்தை வாசலில் நிற்க வேண்டாம். தை அறுவடை முடிந்து நெல் காய்ந்ததும் எங்கள் கிடங்குக்கு வாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் மூன்றும் இருக்கும், ஏலத்துக்கு வேண்டிய அரிசியையும் சமைத்துப் போடுகிற வேலையையும் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், உழவர் சந்தைக்கு ஒரு கூட்டம், அடுக்குமாடிக்கு ஒரு கூட்டம் என்று தனித்தனியாக நடத்திப் பாருங்கள். வருகிற விலை எங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அதை அப்படியே எழுதிக் கொடுங்கள், அடுத்த பட்டத்துக்கு எவ்வளவு விதைப்பது என்று அதை வைத்து முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
உழவர் உற்பத்தியாளர் நிறுவன உறுப்பினர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்