ரேம் வாங்கக் கிளம்பறதுக்கு முன்னாடி

மச்சான்,

உன் மெசேஜ் வந்து பத்து நாள் ஆச்சு. உடனே பதில் போடாதது தப்புதான், மன்னிச்சுக்கோ. அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? பாப்பாவுக்கு பிராக்டிகல் எப்போ? கேரம் கிளப் அண்ணனைப் பார்த்தா நான் விசாரிச்சதா சொல்லு.

விஷயத்துக்கு வரேன். கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குது, கடைக்காரர் மொத்தமா மாத்தச் சொல்றார், இல்லன்னா எங்கேயாவது 16 ஜிபி ரேம் ஒண்ணு வாங்கி மாட்டிடறேன்னு எழுதியிருந்தே. ரெண்டும் வேணாம்டா. கேரம்ல ஃபாலோ பார்க்காம சிவப்பைப் போடறது உன் பழைய பழக்கம். அங்க சிவப்பு திரும்ப நடுவுக்கே வந்துடும், இங்க போன காசு திரும்ப வராது.

ரேம்ங்கிறது கம்ப்யூட்டர் ஓடும்போது வேலையைத் தற்காலிகமா வெச்சுக்கிற மெமரி. அதோட சிப்பைப் பெரும்பாலும் செய்யறது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்னு மூணே கம்பெனிதான். ஏஐ டேட்டா சென்டருக்கு வேண்டிய மெமரி பக்கம் மூணு பேரும் திரும்பிட்டாங்க. 2025 டிசம்பர்ல மைக்ரான், குரூஷியல் பிராண்டுல நம்ம மாதிரி ஆளுங்களுக்கு விக்கறதையே நிறுத்தறதா அறிவிச்சுது. அதனால விலை ஏறிப்போச்சு, கழட்டி விக்கிற பழைய ரேம் பட்டைக்குக்கூட (கடையில ஸ்டிக்னு சொல்வாங்க) கிராக்கி. கிராக்கி இருக்கிற இடத்துல ஸ்டிக்கர் மாத்தி ஒட்டின சரக்கும் வரும். நீ அவசரத்துல அதுல போய் மாட்டிக்குவியோன்னுதான் எனக்கு பயம்.

முதல்ல ரேம்தான் குறையான்னு பாரு. தினமும் பண்ற வேலை எல்லாத்தையும் திற: பத்து டேப், பாப்பாவோட வகுப்பு, தமிழ் டைப்பிங். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒண்ணா அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ்ல மெமரியைத் தொடு. ‘கமிட்டட்’னு ரெண்டு எண் இருக்கும். அதுல முதல் எண், அதாவது திறந்திருக்கிற வேலையெல்லாம் கேட்டு வாங்கின மெமரி, உன்கிட்ட இருக்கிற 4 ஜிபியைத் தாண்டி நின்னா ரேம் பத்தல. மெமரி பாதிதான் நிறைஞ்சிருக்கு, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்துல நிக்குதுன்னா பழைய ஹார்ட் டிஸ்க்தான் குத்தவாளி. அதுக்கு எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கணும், ரேம் இல்ல. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே நோய் மாதிரி தெரியும். ஏன்னா ரேம் நிறைஞ்சதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்குல எழுதி எழுதி எடுக்கும். ஹார்ட் டிஸ்க் ஒரு விஷயத்தைத் தேடி எடுக்க சுமார் 10 மில்லி செகண்ட். ரேமுக்கு அதுல லட்சத்துல ஒரு பங்கு போதும். இதையும் பாரு: விண்டோஸ் 32 பிட்டா இருந்தா 4 ஜிபிக்கு மேல எவ்வளவு மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல.

நீ அனுப்பின போட்டோவுல மதர்போர்டு எச்110 வகை, ப்ராசசர் இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3, ரேம் மாட்டற ஸ்லாட் ரெண்டு, ஒண்ணு காலி. எச்110ல டிடிஆர்3ங்கிற பழைய வகை ரேம் போடற போர்டும் உண்டு, அடுத்த தலைமுறை டிடிஆர்4 போடறதும் உண்டு. சிபியு-இசட்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல மெமரி பக்கத்துல எதுன்னு காட்டிடும். டிடிஆர்3க்கு 240 பின், 1.5 வோல்ட். டிடிஆர்4க்கு 288 பின், 1.2 வோல்ட். ஸ்டிக்கோட கீழ் விளிம்புல இருக்கிற வெட்டும் இடம் மாறும், அழுத்தினாலும் ஏறாது, அழுத்தாதே.

டிடிஆர்4ன்னா 8 ஜிபி ஒண்ணு போதும், பழைய 4ஐக் கழட்ட வேணாம். ரெண்டும் சேர்ந்து 12. ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவுல ரெண்டு வழி உண்டு. 8 ஜிபி வரைக்கும் ரெண்டு வழியாவும் வேகமா ஓடும், மிச்சம் 4 ஒரு வழியில. வேகம் 3200னு போட்டது வாங்கினாலும் உன் ப்ராசசர்ல 2133தான் ஓடும், கெடுதல் இல்ல, ஆனா அதுக்காகக் கூடக் காசு கொடுக்காதே. 16 ஜிபி வேணாம்னு நான் சொல்றதுக்குக் காரணம் விண்டோஸ் 11 ஆதரிக்கிற பட்டியல்ல உன் ப்ராசசர் இல்ல, விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு. இந்த மெஷினுக்கு அளவாத்தான் செலவு பண்ணணும்.

தேரடியில மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்துல இறங்கினா, எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற ரிச்சி தெரு நடக்கிற தூரம். கடையில ஸ்டிக்கைக் கையில வாங்கி சிப்பை எண்ணு. 8 ஜிபி ஸ்டிக்குல நாலே சிப் இருந்தா ஒரு சிப்பே 2 ஜிபி. உன்னது மாதிரி பழைய போர்டு அதை ஏத்துக்காம போகலாம். எட்டு சிப் உள்ளதையே கேளு. ‘சர்வர் ரேம், விலை கம்மி’ன்னா தள்ளி வா. ஸ்லாட்டுல உட்காரும், டிஸ்ப்ளே வராது. மாத்தித் தருவோம்னு பில்லுல எழுதி வாங்கு, சீரியல் ஸ்டிக்கரைப் பிய்க்காதே.

மாட்டறது பத்து நிமிஷ வேலை. பிளக்கைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை ஒரு தடவை அழுத்து, உள்ள மிச்சமிருக்கிற கரண்ட் போயிடும். கேபினட்டைப் படுக்க வெச்சு அதோட இரும்பைத் தொட்டுட்டு வேலையை ஆரம்பி. திருவொற்றியூர் உப்புக் காத்தும் தூசியும் சேர்ந்து ஸ்லாட்டுல படிஞ்சிருக்கும். பெயிண்ட் பிரஷ்ஷால தட்டி எடு, வாயால ஊதாதே, ஈரம் போயிடும். பழைய ஸ்டிக்கோட தங்கக் காலை வெள்ளை ரப்பரால லேசா ரெண்டு தடவை தேய்ச்சு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியில துடை. இங்க் அழிக்கிற சொரசொரப்பு ரப்பர் வேணவே வேணாம், முலாம் போயிடும். ஸ்லாட் ஓரத்துக் கிளிப்பைத் திற, வெட்டைப் பொருத்து, ரெண்டு ஓரத்தையும் கட்டைவிரலால நேரா அழுத்து. கிளிப் டக்குனு தானா மூடணும். சில போர்டுல ஒரு பக்கம்தான் கிளிப், தேடாதே.

ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே இல்லன்னா பயப்படாதே. பெரும்பாலும் சரியா உட்காராததுதான் காரணம். பிளக்கைப் பிடுங்கி, கழட்டி மறுபடி மாட்டு. அப்பவும் இல்லன்னா போர்டுல இருக்கிற ரூபாய் நாணயம் மாதிரியான பேட்டரியை அஞ்சு நிமிஷம் எடுத்துட்டுப் போடு. அதுக்கும் மசியலன்னா ஒவ்வொரு ஸ்டிக்கா தனியா மாட்டிப் பாரு, எது வம்புன்னு தெரிஞ்சிடும்.

டிஸ்ப்ளே வந்ததோட முடிஞ்சுதுன்னு நினைக்காதே மச்சான். ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 பிளஸ்ங்கிற சாஃப்ட்வேரை பென் டிரைவ்ல ஏத்தி, கம்ப்யூட்டரை அதுல இருந்து ஸ்டார்ட் பண்ணி ராத்திரி ஓடவிடு. காலையில சிவப்பு வரி ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடு. கெட்ட ரேம் சத்தம் போடாம ஃபைலைக் கெடுக்கும். பாப்பாவோட ப்ராஜெக்ட், அப்பாவோட பழைய போட்டோ எல்லாம் அந்த ஒரே டிஸ்க்குலதான் இருக்குன்னு சொன்னியே. கேபினட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி அதையெல்லாம் ஒரு காப்பி எடுத்து வை.

கமிட்டட் எண்ணும் சிபியு-இசட் மெமரி பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. பார்த்துட்டு அன்னைக்கே சொல்றேன். அதுவரைக்கும் கடைப் பக்கம் போகாதே.

உன் நண்பன்
பெரம்பூர்